செப்புக் குடத்துத் தண்ணீர்

லேபுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, என்னைக் கூட்டத்தில் நாலு வார்த்தை பேசச் சொன்னீர்கள். நாலு பேர் சேர்ந்து என் முகத்தைப் பார்த்தாலே எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எழுதித் தருகிறேன், நீங்களே வாசித்துக்கொள்ளுங்கள் என்றேன். ஐந்தாம் வகுப்புக் கையெழுத்துதான். கோணல் இருந்தால் காகிதத்தைச் சாய்த்துப் பிடித்துப் படியுங்கள்.

நான் இங்கே முப்பது வருஷத்துக்கு மேல் கண்ணாடிப் பாத்திரம் கழுவினேன், வேலையை விட்ட பிறகும் எட்டிப் பார்க்க வருவதுண்டு. நீங்கள் எல்லாரும் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆனாலும் வந்த முதல் வாரத்திலேயே உங்களில் ஒருவர் சோதனைக் குழாயைத் துப்பட்டாவில் துடைத்ததைப் பார்த்தேன். யார் என்று சொல்ல மாட்டேன். பச்சைத் துப்பட்டா.

அந்தக் குற்றம் பெரிதில்லை. அதைவிடப் பெரிய வேலை நான் செய்திருக்கிறேன். அதைத்தான் எழுத வந்தேன்.

அப்போது இந்த லேபை நடத்தியவரை நாங்கள் எல்லாரும் சார் என்றுதான் கூப்பிடுவோம். மாயவரம் பக்கத்துக்காரர். கள்ளக்குறிச்சியில் இவ்வளவு வெயிலா என்று பத்து வருஷம் ஆச்சரியப்பட்டுக்கொண்டே இருந்தார். அவருடைய ஆராய்ச்சி என்ன என்று என்னைக் கேட்டால் இப்படிச் சொல்வேன். கத்தரிக்காயை நறுக்கிவைத்தால் கறுக்கிறது இல்லையா? அப்படிக் கறுக்கவைக்கும் சரக்குக்கு நொதி என்று பேர். அதன் நடுவில் துளியூண்டு செம்பு உட்கார்ந்திருக்கிறது. அந்தச் செம்பை உருவிவிட்டால் நொதி செத்த மாதிரி கிடக்கும், கறுக்காது. திரும்பச் செம்பு கொடுத்தால் எழுந்து உட்காரும், குழாயில் இருப்பது காப்பி நிறத்துக்கு மாறும். இதே வேலையை சார் கல்வராயன் மலையில் விளையும் வள்ளிக்கிழங்கை வைத்து வருஷக்கணக்காகச் செய்தார். வெள்ளிமலையிலிருந்து ஜீப்பில் கிழங்கு வரும். நல்ல கிழங்கு. மிச்சத்தை நான் வீட்டில் வேகவைத்திருக்கிறேன்.

சாருக்கு ஒரு வியாதி உண்டு. வருஷத்துக்கு ஒரு முறை மெட்ராஸ் போய், அங்கே ஒரு நூலகத்தில் தலையணை கனத்துக்கு இருக்கும் புத்தகத்தைப் புரட்டுவார். உலகத்தில் யார் யார் தங்கள் கட்டுரையில் இவர் கட்டுரையை எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள் என்ற கணக்கு அதில் இருக்குமாம். கல்யாணத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று பந்தியை எட்டிப் பார்ப்பது போல. திரும்பி வரும்போது முகத்தைப் பார்த்தே கூட்டம் எப்படி என்று தெரிந்துகொள்வேன்.

ஒரு முறை அவரே சொன்னார். "இந்த வருஷம் நாலு பேர் சொல்லியிருக்காங்க, பச்சையம்மா."

"பரவாயில்ல சார், நாலு பேரு."

"அதுல மூணு தடவை சொன்னது நானே."

"நாலாவது ஆளு யாரு சார்?"

"வெளிநாட்டுக்காரன். நான் சொன்னது தப்புன்னு எழுதியிருக்கான்."

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்து ரோடெல்லாம் மறித்த வருஷம் அது. படிப்பிலும் வேலையிலும் பிள்ளைகளுக்குப் பங்கு வேண்டும் என்று ஊருக்கு ஊர் ஆட்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். புளியமரத்தையும் வேப்பமரத்தையும் வெட்டிக் குறுக்கே போட்டார்கள். அதில் ஒன்று மின்கம்பியின் மேல் விழுந்து கரண்டும் போயிற்று. பஸ் இல்லை, தபால் இல்லை. ஆராய்ச்சி மாணவர்கள் அவரவர் ஊரில் மாட்டிக்கொண்டார்கள். சார் தங்கும் அறை லேபுக்குப் பின்னாலேயே இருந்ததால் அவர் ஒருவர் மட்டும் இருந்தார். வயல் வரப்பில் நடந்தே வந்துவிடலாம் என்பதால் நானும் இருந்தேன்.

என் வீட்டுக்காரர் எங்கே இருந்தார் என்று கேட்கிறீர்களா? ரோட்டில். வெட்டிப் போட்ட புளியமரத்தின் மேல்.

கரண்டு போனதால் தண்ணீரைக் காய்ச்சி வடிக்கும் கருவி நின்றுவிட்டது. வடித்து வைத்தது ஒரு பெரிய கண்ணாடி ஜாடி நிறைய இருந்தது. அந்த வாரம் முழுக்க அதுதான். "தங்கம் மாதிரி பாத்துக்க" என்று சார் சொல்லியிருந்தார். செவ்வாய்க்கிழமை காலையில் நான் அதை வெயில் படாத மூலைக்கு நகர்த்தினேன். நகர்த்தும்போது சுவரில் லேசாக முட்டியது. ஒரு சத்தமும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் தரை ஈரம். ஜாடியின் அடியில் முடி போல ஒரு விரிசல். சொட்டுச் சொட்டாகத் தங்கம் போய்க்கொண்டிருந்தது.

எனக்கு அப்போது வேலை நிரந்தரம் இல்லை. நிரந்தரம் ஆக்கலாமா என்று ஒரு காகிதம் ஆபீசில் மேசை மேசையாக நடந்துகொண்டிருந்த நேரம். உடைத்தவள் என்ற பேரோடு அந்தக் காகிதம் எந்த மேசையையும் தாண்டாது. அடியில் ஒரு தட்டை வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன். வீட்டில் பிளாஸ்டிக் வாளி இருந்தது, அதில் சோப்பு வாசனை. அலுமினியக் குண்டான் இருந்தது, அதில் சோற்றுக் கறை. சுத்தமான பாத்திரம் என்றால் என் மனதில் ஒன்றுதான் உண்டு, அம்மா சீராகக் கொடுத்த செப்புக் குடம். நோம்பு நாளில் மட்டும் எடுப்பது. சார் தண்ணீர் ஆயிற்றே என்று புளி போட்டுத் தேய்த்தேன். சாம்பல் போட்டுத் தேய்த்தேன். மறுபடியும் புளி. புதுப் பெண் மாதிரி மினுக்கியது. லேபில் கொண்டுவந்து வைத்து, தண்ணீரை அதற்கு மாற்றி, மேலே துணி கட்டி, மருந்து பாட்டில் அடுக்கிய அலமாரிக்குப் பின்னால் மறைத்தேன். ஜாடியையும் ஒளித்தேன். தினமும் காலையில் சார் வருவதற்குள் அவர் கையாளும் சின்னக் குப்பிகளில் குடத்திலிருந்து ஊற்றி நிரப்பிவைத்தேன்.

இப்போது நீங்கள் எல்லாரும் சிரிக்கிறீர்கள் என்று தெரியும். செம்பை உருவுகிற வேலை நடக்கும் இடத்தில் செப்புக் குடம். ஆனால் பிள்ளைகளே, எனக்குக் குடம் என்றால் குடம், தண்ணீர் என்றால் தண்ணீர். ஒன்றுக்குள் ஒன்று போகும் என்று அன்றைக்குத் தோன்றவே இல்லை.

வியாழக்கிழமை சார் என்னைக் கூப்பிட்டார். கையில் ஒரு குழாய். உள்ளே காப்பி நிறம்.

"பச்சையம்மா, இதுல செம்பே இல்ல. ஒரு துளி இல்ல. முழுசா உருவிட்டேன். ஆனா கறுக்குது பாரு."

"கறுக்கக் கூடாதுங்களா சார்?"

"கூடாது. மூணு தடவை பண்ணிட்டேன். மூணு தடவையும் கறுக்குது. செம்பு இல்லாம வேலை செய்யற நொதி. உலகத்துல யாருமே பாத்ததில்ல."

அவர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. எழுதினார், கிழித்தார், எழுதினார். வெள்ளிக்கிழமை டைப் மெஷினைத் தட்டித் தட்டி, வெளிநாட்டுப் பத்திரிகைக்கு ஒரு கட்டுரையைத் தயார் செய்து உறையில் போட்டு ஒட்டிவிட்டார். ரோடு திறந்த அன்றே தபால் போய்விட வேண்டும். உறையை அடிக்கொரு முறை எடுத்துப் பார்த்துக்கொண்டார். "இந்தத் தடவை அந்த வெளிநாட்டுக்காரன் என் பேரை ஒழுங்கா சொல்லித்தான் ஆகணும்" என்றார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. நான் கொடுத்த தண்ணீரில் செய்ததாயிற்றே.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். என் வீட்டுக்காரர் மறியலில் இருந்து வந்து பரணைத் துழாவிக்கொண்டிருந்தார்.

"இன்னாமே, செப்புக் கொடம் எங்க? நாளைக்கு நம்ம வூட்டு மொற. ரோட்டுல குந்திகினு கீறவங்களுக்கு மோர் எடுத்துகினு போவணும்."

குடம் லேபில் இருக்கிறது என்று சொன்னால் ஏன் என்பார். ஜாடி என்பேன். ஊருக்கே தெரிந்துவிடும். அவர் வாய்க்குள் ஒரு மரம் போட்டு மறித்தாலும் நிற்காது. ஆகவே வாயில் வந்ததைச் சொன்னேன்.

"செப்புக் கொடத்துலயா மோர் ஊத்துவாங்க? களிம்பு ஏறும். செம்பு மோர்ல எறங்கிப் போச்சுன்னா குடிச்சவன் எல்லாம் வாந்தி எடுத்துகினு ரோட்டுலயே கெடப்பான். அப்புறம் போலீசே வர வேணாம்."

"அதுவும் சரிதான்" என்று அவர் மண்பானையைத் தேடப் போனார்.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். செம்பு மோரில் இறங்கும் என்றால் தண்ணீரில்? அதுவும் புளி போட்டுத் தேய்த்த குடத்தில்? சும்மா ஒரு பொய்க்குச் சொன்னது என் காதிலேயே விழுந்து உட்கார்ந்துவிட்டது.

சொன்னால் என் வேலை போகும். சொல்லாவிட்டால் சாரின் பேர் போகும், அதுவும் அந்த வெளிநாட்டுக்காரன் சிரிக்கச் சிரிக்கப் போகும். ரோடு எப்போது வேண்டுமானாலும் திறந்துவிடும். இரண்டு பக்கமும் யோசித்தேன் என்று பெருமையாக எழுத ஆசைதான். உண்மையில் என்ன யோசித்தேன் தெரியுமா? குடத்தை யாரும் பார்க்காமல் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டால் கேட்க ஆளே இல்லை என்று யோசித்தேன். சனிக்கிழமை விடிந்ததும் அதற்காகத்தான் சீக்கிரம் போனேன். குடத்தில் மிச்சம் இருந்ததை ஒரு பாட்டிலில் ஊற்றி ஓரமாக வைத்தேன். குடத்தைக் கழுவிக் கவிழ்த்துத் திரும்பவும் இடுப்பில் எடுத்துக்கொண்டு கதவுக்கு வந்தால், சார் எதிரே நிற்கிறார்.

"வா பச்சையம்மா. ரோடு திங்கட்கிழமை திறக்கும்னு பேசிக்கறாங்களாம்" என்று சிரித்துக்கொண்டே மேசையில் போய் உட்கார்ந்து உறையை எடுத்துத் தூசு தட்டினார்.

கால் தானாக மேசைக்கு நடந்தது. இடுப்பில் இருந்த குடத்தை அந்த உறையின் மேலேயே வைத்தேன்.

"என்னம்மா இது?"

"கொடம் சார்."

"அது தெரியுது. என் லெட்டர் மேல ஏன்?"

"தண்ணி இதுலதான் சார் இருந்துச்சு."

"எந்தத் தண்ணி?"

"நீங்க ஊத்தின தண்ணி. எல்லாமே. செவ்வாக்கெழமலேர்ந்து. ஜாடி விரிசல் வுட்டுப் போச்சு சார், நான்தான் முட்டிட்டேன்."

சார் குடத்தைப் பார்த்தார். அதில் அவர் முகம் தெரிந்தது, அவ்வளவு மினுக்கல். விளிம்பை விரலால் தடவிவிட்டு, "ஒரு குடம் அவ்வளவு செம்பையா கொடுக்கும்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். குடத்தைத் தூக்கியபோது உறையின் மேல் வட்டமாக ஈரம் பதிந்து முகவரி கரைந்திருந்தது.

அவருக்கு நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. சுத்தமான தண்ணீரில் ஒரு தடவை செய்து பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் கரண்டு இல்லை, தண்ணீர் இல்லை, கிழங்கும் தீர்ந்துவிட்டது. ஊரில் டயர் எரிகிற புகை, மழை பெய்தாலும் கரியோடுதான் இறங்கும். சார் ஜன்னலைப் பார்த்தார். தூரத்தில் மலைமேல் மட்டும் கருமேகம்.

"மழைத்தண்ணி" என்றார். "கண்ணாடியிலேயே பிடிச்சா போதும். ஆனா யார் போறது?"

"நான் போறேன் சார்" என்று சொன்னது நானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

கண்ணாடித் தட்டுகளையும் ஒரு பெரிய பாட்டிலையும் அமிலத்தில் கழுவி, காய்ந்த பழைய சேலையில் சுற்றினேன். என் வீட்டுக்காரர் மோர் கொடுத்துவிட்டு வந்திருந்தார். அவரைச் சைக்கிளோடு கிளப்பி, வழியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"நான் வெட்டிப் போட்ட மரத்த நானே சைக்கிள தூக்கிகினு தாண்டணுமா?"

"நீங்க போட்ட மரத்தாலதான் காயிதம் போவாம கெடக்குது. அதுக்காக ஒருதரம் தாண்டுங்க."

"அப்ப உங்க சார காப்பாத்தினது நானு."

இதை அவர் அன்றிலிருந்து கண்ணை மூடும் வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

சைக்கிளை மலையடியில் போட்டுவிட்டு, மலைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்த ஒரு ஜீப்பில் ஏறி வெள்ளிமலை போனோம். எங்களுக்குக் கிழங்கு அனுப்பும் வீட்டில் தங்கினோம். பாறையில் தட்டுகளைப் பரப்பிவிட்டு வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். அந்த வீட்டு அம்மா சாமை புடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஏம்மா, சுனையில தண்ணி வழிஞ்சி ஓடுது. மானத்த பாத்து குந்திகினு கீறீங்களே, எதுனா வேண்டுதலா?"

"வேண்டுதல் மாரிதான்" என்றார் என் வீட்டுக்காரர்.

மத்தியானத்துக்கு மேல் மழை கொட்டியது. பாட்டில் நிறைந்தது. மறுநாள் கிழங்கோடு இறங்கினோம். சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து பாட்டிலைப் பிள்ளையைப் போல மடியில் வைத்திருந்தேன். கடைசிப் புளியமரத்தில் பையன்கள் மறித்தார்கள். எல்லாரும் என் வீட்டுக்காரரோடு உட்கார்ந்தவர்கள்தான்.

"இன்னாண்ணா, மலையிலேர்ந்து பாட்டிலோட? நாங்க இங்க மோர் குடிச்சிகினு கீறோம்."

"மழத்தண்ணிடா."

"மழத்தண்ணிக்கா சேல சுத்தி எடுத்துகினு வர? அண்ணி, நீங்களாவது நெசத்த சொல்லுங்க."

"மழத்தண்ணிதாம்பா" என்றேன். யாருக்கும் கேட்டிருக்காது.

ஒருவன் மூடியைத் திறந்து முகர்ந்தான். "வாசனையே இல்லடா. ஒசத்தி சரக்கு போல" என்று வாய்க்குக் கொண்டுபோனான்.

"வாய் வெக்காத!"

அவ்வளவு சத்தம் எனக்குள் இருந்தது எனக்குத் தெரியாது. ரோட்டில் இருந்த எல்லாரும் எழுந்து நின்றார்கள். அவன் பாட்டிலை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தான். என் வீட்டுக்காரர் சைக்கிளைத் தூக்கி மரத்தைத் தாண்டினார். அரைப் பர்லாங்கு போன பிறகு மெதுவாக, "வூட்டுல இப்டி கத்தினதே இல்லியே" என்றார்.

அன்றே சார் கிழங்கை அரைத்து வேலையைத் தொடங்கினார். செம்பை உருவி எடுக்க மறுநாள் காலை ஆயிற்று. பிறகு இரண்டு குழாயைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்றில் மழைத்தண்ணீர், ஒன்றில் நான் ஓரமாக வைத்திருந்த குடத்துத் தண்ணீர். இரண்டு பேரும் நின்றுகொண்டு பார்த்தோம். குடத்துக் குழாய் மெல்ல மெல்லக் காப்பி நிறத்துக்கு வந்தது. மழைக் குழாய் அப்படியே இருந்தது. பத்து நிமிஷம், அரை மணி நேரம். அப்படியே இருந்தது.

வெளியே தூரத்தில் ஒரு பஸ் ஹாரன் கேட்டது. ரோடு திறந்துவிட்டது.

சார் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் என் சாமான்களை எப்படி எடுத்துப்போவது என்று யோசித்தேன். ஒரு முறம், ஒரு துடைப்பம், ஒரு குடம்.

"குடத்தை எதால தேய்ச்ச?" என்றார்.

"புளி சார்."

"நல்லா தேய்ச்சியா?"

"ரெண்டு தரம் சார். கண்ணாடி மாரி தேய்ச்சேன்."

"அதான். கொஞ்சம் கறுப்பேறி அழுக்கா வெச்சிருந்தாகூட இவ்வளவு இறங்கியிருக்காது. உன் சுத்தம் என்னைக் கவுக்கப் பாத்துது." பிறகு கொஞ்சம் சிரித்தார். சத்தம் வராத சிரிப்பு. "தண்ணி எதுல இருக்குன்னு யாருமே உன்னைக் கேக்கலையே, பச்சையம்மா. நானும் கேக்கலை."

வேலையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மறுநாள் விடிகாலையில் போய்ப் பார்த்தேன். லேப் சாவி வழக்கமான ஆணியில் எனக்காகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஆபீசில் நடந்துகொண்டிருந்த காகிதமும் அப்புறம் மெதுவாக வந்து சேர்ந்தது.

அந்த உறையை சார் பிரிக்கவே இல்லை, ஈர வட்டத்தோடு அலமாரியில் வைத்துவிட்டார். அதற்குப் பதிலாக இரண்டே பக்கத்தில் ஒன்று எழுதினார். செப்புப் பாத்திரத்தில் இருந்த தண்ணீர் எப்படி ஏமாற்றியது, எப்படிக் கண்டுபிடித்தோம் என்று. என் பேரைப் போடட்டுமா என்று கேட்டார். ஐயோ, வேண்டாம் சார் என்று ஓடிவிட்டேன். "அப்ப வேற ஒண்ணு போடறேன்" என்றார். என்ன போட்டார் என்று நான் கேட்கவில்லை.

இதில் வேடிக்கையைக் கேளுங்கள். ராப்பகல் பாடுபட்டு அவர் எழுதிய பெரிய பெரிய கட்டுரைகளை அவரும் அந்த வெளிநாட்டுக்காரனும் தவிர அதிகம் பேர் சொல்லவில்லை. இந்த இரண்டு பக்கத்தை வருஷா வருஷம் எங்கெங்கேயோ இருப்பவர்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு முறை மெட்ராஸ் போய் வந்தபோதும் பந்தியில் கூட்டம் கூடிக்கொண்டே போயிற்று. அந்த வெளிநாட்டுக்காரனும் ஒரு தடவை சொன்னானாம், தப்பு என்று சொல்லாமல். சார் ஓய்வு பெற்ற நாளில், "உலகம் பூரா எத்தனை பேர் இதே தப்பைப் பண்ணியிருக்காங்க பாரு பச்சையம்மா, ஒருத்தனும் வாயைத் திறக்கலை" என்றார்.

ஆகவே பிள்ளைகளே, ஜாடியை முட்டாதீர்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. முட்டுவீர்கள். பச்சைத் துப்பட்டாக்காரர் இந்த வாரமே முட்டுவார். எனக்கு ஒரு வாரம் புளியமரம் காவல் இருந்தது. உங்கள் கட்டுரை பட்டனைத் தட்டினால் போய்விடுகிறது. அதனால் நீங்கள் கொஞ்சம் வேகமாகச் சொல்ல வேண்டியிருக்கும்.

நான் வேலையை விடுவதற்கு முந்தின மாதம் ஒரு பெண் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தாள். எங்கிருந்தோ வந்தவள், யாரையும் தெரியாது. கையில் இரண்டு தாளோடு நேராக நான் கழுவிக்கொண்டிருந்த தொட்டிக்கு வந்து நின்றாள்.

"ஆன்ட்டி, வேலைய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். தண்ணி எதுல பிடிச்சு வெச்சிருக்கீங்க?"

முப்பது வருஷத்தில் என்னிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. "கண்ணாடியிலதாம்மா" என்றேன். "யாரு கேக்கச் சொன்னது?"

"இதுல எழுதியிருக்கு ஆன்ட்டி" என்று தாளின் கடைசி வரியில் விரலை வைத்து எனக்காகத் தமிழில் சொன்னாள். "பாத்திரம் கழுவுபவரைக் கேட்காமல் எந்தச் சோதனையையும் தொடங்க வேண்டாம்." பிறகு தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரொம்பப் பழைய பேப்பர். யாரோ மாட்டிக்கிட்டிருக்காங்க போல" என்று சிரித்தாள்.

"ஆமாம்மா, போல" என்றேன். குழாயைத் திறந்துவிட்டு, அடுத்த குடுவையை எடுத்தேன்.